ஓரம் தடித்த போளி

நெய் வாசம் வருதுங்களா? வரும். பஸ் முழுக்க வரும். கண்டக்டர்கூட இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சிட்டுப் போறான். அது என் போசிதான் தம்பி. அதாவது நான் கொண்டுவந்த போசி, இப்போ என் கையில் இல்லை. டிரைவருக்குப் பின்னால் மூணாவது சீட்டு, சன்னலோரம், பச்சைச் சேலை. தெரியுதா? அப்படி எட்டிப் பார்க்காதீங்க, திரும்பினா மாட்டிக்குவோம். அவள் மடியில் இருக்குது பாருங்க எவர்சில்வர் தூக்குப் போசி, அது நிறையப் போளி. பருப்புப் போளி. அத்தனையும் இந்தக் கையால் தட்டினது.

கையைப் பார்த்தா நம்ப முடியலையா? எனக்கே முடியலை. மாட்டுத் தரகன் கை இது. பொள்ளாச்சிச் சந்தையில் ஆறுச்சாமின்னு கேட்டுப் பாருங்க. திட்டிக்கிட்டே கை காட்டுவாங்க.

அவள் என் சம்சாரம், பழனாத்தா. ஒரே பஸ்ஸில் ஏறி வர்றோம். ஆனா ஒண்ணா வரலை. இந்த பஸ் பொள்ளாச்சி போகுது. வழியில் செங்கோடம்பாளையம் பிரிவில் எங்க வீடு. நான் அங்கே இறங்கணும். அவளும் அங்கே இறங்கினா நான் பொழைச்சேன். இறங்காம உட்கார்ந்திருந்தா பொள்ளாச்சிக்குத்தான் போறாள்னு அர்த்தம். அங்கே எங்க மகள் வீடு இருக்குது. போயிட்டா அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டாள். வர்ற புதன்கிழமை என் மகன் தினேஷுக்கு நிச்சயம். பையனைப் பெத்தவள் இல்லாம நான் மட்டும் எந்த மூஞ்சியோட சபையில் தட்டு மாத்தறது, சொல்லுங்க.

'எந்திரிச்சுப் போய் அவங்ககிட்டயே கேட்க வேண்டியதுதானே'ன்னு பார்க்கறீங்க. பேசினாத்தானே கேட்கறதுக்கு. அவள் டிக்கெட் எந்த ஊருக்கு வாங்கினாள்னு கண்டக்டர்கிட்டக் கேட்டேன். அதெல்லாம் சொல்லப்படாதுங்கன்னுட்டான். ஒரு போளி தர்றேன், சொல்லுப்பான்னு பேசிப் பார்த்தேன். 'போசியே உங்க கையில் இல்லீங்களே'ங்கறான். இல்லாத சரக்கை வெச்சு விலை பேசினது என் பொழப்பில் இதுதான் முதல் தடவை.

எங்க தொழிலில் சூட்சுமம் ரெண்டுதாங்க. முதலாவது, பிடிச்ச மாட்டைக் குறை சொல்லணும். பிடிக்காத மாட்டைப் பார்த்தா, 'அருமையான மாடுங்க, லச்சுமி மாதிரி நிக்குது'ம்பேன். சொல்லிட்டு டீக்கடைக்கு நடந்துடுவேன். வாங்கணும்னு மனசில் விழுந்த மாட்டைத்தான் சுத்திச் சுத்தி வந்து நொட்டை சொல்வேன். கொம்பு கோணல், திமில் சாய்வு, வால் குட்டை, சுழி சரியில்லை. நான் வாயைத் திறக்கத் திறக்க மாட்டுக்காரன் உள்ளுக்குள் சிரிச்சுக்குவான். ஆறுச்சாமி எடுத்துக்கப் போறான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்.

இதெல்லாம் ஒருத்தர் சொல்லிக் குடுத்து வந்ததில்லை. மீசை முளைக்கிற வயசில் ஒரு எருதைப் பார்த்து மயங்கி, 'ஆகா, என்ன அழகு'ன்னு வாயைத் திறந்தேன். என் தலையில் கட்டிட்டாங்க. வீட்டுக்கு ஓட்டிவந்து சோளத்தட்டைப் போட்டா, மெல்ல முடியாம என்னையே பார்த்துக்கிட்டு நிக்குது. கிழட்டு எருது, வயசு தெரியாதபடி பல்லை அரத்தால் ராவிவிட்டு வித்திருக்காங்க. அன்னையிலிருந்து எதையும் நல்லா இருக்குதுன்னு நான் சொன்னதில்லை.

ரெண்டாவது, விலை படியலைன்னா எந்திரிச்சு நடந்துடணும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டுத் திரும்பியே பார்க்காம நடக்கணும். சந்தை வாசல் புளியமரத்தைத் தாண்டறதுக்குள் பின்னால் குரல் வந்துடும். 'அட, நில்லுங்க தரகரே.' வராம இருந்ததில்லை.

இந்த ரெண்டையும் வெச்சுத்தான் நாலு காசு பார்த்தேன், வீடு கட்டினேன், மகளைக் கட்டிக் குடுத்தேன். இந்த ரெண்டும்தான் இப்போ என்னை இந்தச் சீட்டில் உட்கார வெச்சிருக்குது.

கதைக்கு வர்றேன். பொண்ணு வீட்டுக்காரங்க காங்கயம். போன அமாவாசைக்கு முன்னாடி எங்க வீடு பார்க்க வந்தாங்க. வந்து எங்க வீட்டில் கை நனைச்சுட்டுப் போனாத்தான் சம்பந்தம் உறுதின்னு வழக்கம். பழனாத்தா விடியறதுக்கு முன்னாலேயே எந்திரிச்சுப் போளிக்கு மாவு பிசைஞ்சு வெச்சுட்டாள். நானும் சம்பந்தியும் பக்கத்துப் பக்கத்து இலை. சுடச்சுடப் போளியைக் கொண்டுவந்து போட்டாள். பிய்ச்சு வாயில் வெச்சேன். அட சாமி. மாவு எங்கே முடியுது, பூரணம் எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியலை. நாக்கில் வெச்சதும் காணோம்.

மனசில் விழுந்துடுச்சு. விழுந்தா நம்ம வாய் சும்மா இருக்குமா?

"ஓரம் தடிப்பு"ன்னேன். "பூரணம் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்குது"ன்னேன். சம்பந்தியம்மா சிரிச்சாங்க. "ஏனுங்க, நல்லாத்தானே இருக்குதுங்க"ன்னாங்க. நான் விடலை. "உங்களுக்குச் சந்தை நிலவரம் தெரியாதுங்க. இதுக்கு பஸ் ஸ்டாண்டுப் போளியே தேவலை"ன்னேன். சொல்லிக்கிட்டே இன்னொண்ணு கேட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் இன்னொண்ணு. அதை யாருமே கவனிக்கலை பாருங்க. வாயைத்தான் எல்லாரும் கேட்கறாங்க. கையை எவனும் பார்க்கறதில்லை.

பழனாத்தா போளித் தட்டோட நின்னுக்கிட்டிருந்தாள். விருந்தாளிங்க கார் ஏறினாங்க. போசி, தட்டு எல்லாத்தையும் கழுவிக் கவுத்தாள். தோசைக்கல்லைத் துடைச்சு ஆணியில் மாட்டினாள். பார்த்தா, பையோட நிக்கறாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"தாராபுரத்துக்கு. அண்ணன் வீட்டுக்கு."

"என்னத்துக்கு?"

"பஸ் ஸ்டாண்டுப் போளி நல்லா இருக்குமாமா. வாங்கித் தின்னுட்டு நல்லா இருங்க."

"அட இவளே, ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா இத்தனை?"

"நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு பேச்சுக்குத்தான் சொல்றீங்க. ஒரு நாளாவது நீங்க ஒரு போளி தட்டிப் பார்த்திருக்கீங்களா?"

இங்கேதான் தம்பி, ஒரு நல்ல மனுசனா இருந்தா வாயை மூடியிருப்பான். நான் தரகன். எதிர்க்கேள்வி வந்தா எதிர்விலை சொல்லித்தான் பழக்கம். "தட்டினா என்ன, பெரிய வித்தையா? வரட்டி தட்டற மாதிரிதானே"ன்னேன்.

செருப்பை மாட்டினாள். நடந்துட்டாள்.

என் வித்தை, பாருங்க. என் வீட்டிலேயே சோறு பொங்கிப் போட்டுக்கிட்டே படிச்சு வெச்சிருக்கிறாள். நான் பின்னால் கூப்பிடுவேன்னு நினைச்சிருப்பாள். நானா கூப்பிடுவேன்? வாசல் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். கேட்டைத் தாண்டினாள், வேப்பமரத்தைத் தாண்டினாள், பிரிவில் நின்னாள், பஸ் வந்தது, ஏறினாள். அவள் திரும்பிப் பார்க்கலை, நான் கூப்பிடலை. ரெண்டு பேருமே ஜெயிச்சோம். அன்னைக்குச் சாயங்காலம் காபி மட்டும் இல்லை.

கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்குங்க தம்பி, மறைக்குது. இல்லை, அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறாள். போசி மூடியைத் தொடவே இல்லை. இது உடுமலைதானே? இன்னும் நேரம் இருக்குது.

ரெண்டு நாள் கெத்தா இருந்தேன். ஓட்டலில் சாப்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் போளியும் வாங்கினேன், சொன்ன வாய்க்கு மரியாதை வேணுமில்லையா. கயிறு மாதிரி இருந்தது. அந்தக் கடைக்காரன்கிட்ட, 'பிரமாதம்'னு சொல்லிட்டு வந்தேன்.

மூணாம் நாள் சம்பந்தியம்மா போன். "அண்ணா, சம்பந்தியம்மாகிட்டக் குடுங்க, சேலை கலர் கேட்கணும்." கோயிலுக்குப் போயிருக்காங்கன்னேன். எந்தக் கோயிலுங்கன்னாங்க. பழனின்னேன். பஸ்ஸிலான்னாங்க. வாய் தவறி, நடந்துன்னுட்டேன். அந்தம்மாவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு போல. "பையன் நல்லா இருக்கணும்னு வேண்டுதலுங்களா? அவங்க வந்ததும் நான் காலைத் தொட்டுக் கும்பிடணும்"னாங்க. பழனிக்கு நடந்து போனவளுக்கு நான் இன்னும் எத்தனை நாள் நடை போட முடியும்? தினேஷ் வேற, "அப்பா, அம்மா வராம நான் சபையில் உட்கார மாட்டேன்"னு சொல்லிட்டு மில்லுக்குப் போயிட்டான்.

அப்பத்தான் ஒரு திட்டம் போட்டேன். நானே போளி தட்டறது. தட்டிக் கொண்டுபோய் அவள் முன்னாடி வைக்கிறது. 'இந்தா, இதென்ன பெரிய வித்தையா?'ன்னு கேட்கறது. அவள் வாயடைச்சுப்போய்ப் பையைத் தூக்கிக்கிட்டு என் பின்னால் வந்துடறது. சிரிக்காதீங்க. அன்னைக்கு அது எனக்கு நல்ல திட்டமாத்தான் தெரிஞ்சது.

மைதா வாங்கப் போனேன். சும்மா வாங்குவேனா? மூட்டையைத் திறக்கச் சொல்லிக் குறை சொல்லிக் குறை சொல்லி, கடைக்காரன் வெறுத்துப்போய் மூலையில் கிடந்த பழைய மூட்டையிலிருந்து மலிவா அள்ளிக் குடுத்துட்டான். வீட்டுக்கு வந்து சலிச்சா, மாவைவிட வண்டு சுறுசுறுப்பா இருக்குது. போகட்டும்னு புது மாவு வாங்கிப் பிசைஞ்சேன். பருத்திக்கொட்டையும் தவிடும் பிசையற கை தம்பி இது. தண்ணி ஊத்தினா இளகுது, மாவு போட்டா இறுகுது, மறுபடி தண்ணி, மறுபடி மாவு. கடைசியில் பார்த்தா ஒரு கல்யாணத்துக்கே ஆகும்போல மலை மாதிரி நிக்குது.

கடலைப்பருப்பைக் குக்கரில் வெச்சேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டு யாவாரப் போன். விலை பேசிக்கிட்டே விசிலை மறந்துட்டேன். திறந்தா பருப்பு குழைஞ்சு கூழாயிடுச்சு. வெல்லத்தைப் போட்டேன், தேங்காயைப் போட்டேன். கெட்டியாகும் கெட்டியாகும்னு கிளறினேன். ஆகலை. ஒரு டம்ளரில் ஊத்திக் குடிச்சேன். பாயசம் நல்லா இருந்ததுங்க. ஏலக்காய்தான் கொஞ்சம் தூக்கல்.

மறுநாள் பருப்பைப் பதமா வேக வெச்சு, தண்ணியைச் சுத்தமா வடிச்சு, பூரணம் உருட்டிட்டேன். அது பிடிபட்டுடுச்சு. மாவுதான் பிடிபடலை. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டினா, தட்டற வரைக்கும் விரியுது. கையை எடுத்தா சுருங்கிப் பழைய இடத்துக்கே போயிடுது. சந்தையில் எத்தனையோ பிடிவாதக்காரனைப் பார்த்திருக்கேன். ஒப்புக்கிட்ட விலையிலிருந்து இப்படிப் பின்வாங்கற ஆளைப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு மயிலாத்தாகிட்டக் கேட்டா ஒரு நிமிசத்தில் சொல்லிடும். ஆனா கேட்கலாமா? நாளைக்கு ஊரே பேசும். அதனால் நம்ம வழியில் போனேன். மதில் பக்கமா நின்னு, "போளிக்கு மாவு பிசைஞ்சதும் தட்டிடணும். ஊற வைக்கிறதெல்லாம் சோம்பேறிப் பொம்பளைங்க வேலை"ன்னு காத்துக்குச் சொன்னேன்.

மயிலாத்தா துணி காயப் போட்டுக்கிட்டிருந்துது. திரும்பிக்கூடப் பார்க்கலை. "ஏனுங்கண்ணா, மாவு சுருங்குதா?"ன்னுது.

"யாரு, எனக்கா? நான் எதுக்கு மாவு பிசையறேன்?"

"மீசையில் ஒட்டியிருக்குதுங்க."

அப்புறம் என்ன பண்றது. மதிலில் கையை ஊனி நின்னுட்டேன். அது சொல்லுச்சு: "தளரப் பிசைஞ்சு, மாவு முங்கற அளவுக்கு நல்லெண்ணெய் விட்டு மூடி வெச்சுடுங்க. கிள்ளி இழுத்தா அறுந்துடாம நூலா வரணும், விட்டா திரும்பிப் போகக் கூடாது. அதுவரைக்கும் தொடக் கூடாது. காத்திருக்கணும். அதுதானுங்க போளி. மிச்சமெல்லாம் சும்மா."

"காத்திருக்கறது எனக்குப் புதுசா? சந்தையில் நான் காத்திருக்காத காத்திருப்பா?"

"அது வர்றவன் இறங்கி வருவான்னு காத்திருக்கறது. மாவு இறங்கி வராதுங்க."

மயிலாத்தாவுக்கு வாய் ஜாஸ்தி. அதுக்கு மாடு வாங்கிக் குடுத்ததே நான்தான்.

சரின்னு ஊற வெச்சேன். ஆனா நமக்குப் பொறுக்குமா? ஊறினதும் ஊறாததுமா எடுத்துட்டேன். அதோட இன்னொரு புத்திசாலித்தனம் பண்ணினேன். கடைக்காரன் என்ன பண்ணுவான்? பூரணத்தைக் கிள்ளி வெச்சு மாவை ஏத்திடுவான். நம்ம வீட்டில் எதுக்கு அந்தக் கஞ்சத்தனம்னு, எலுமிச்சை அளவு மாவுக்குள் தேங்காய் மூடி அளவு பூரணத்தைத் திணிச்சேன். கல்லில் போட்டதும் படார்னு வெடிச்சு, பூரணம் வெளியே வந்து கருகி, வெல்லம் கல்லோட ஒட்டி, வாழையிலை அதோட ஒட்டி, வீடெல்லாம் புகை. தினேஷ் ஓடிவந்து, "அப்பா, சிலிண்டரை மூடுங்க"ங்கறான். எனக்கு வந்துது பாருங்க கோபம், கல்லைத் தூக்கி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வீசினேன். அப்புறம் நானே போய் எடுத்துக்கிட்டு வந்தேன். வீட்டில் வேற கல் இல்லை.

அதைத் தேய்ச்சுக் கழுவினேன் பாருங்க, அந்த நேரம் மட்டும் கொஞ்சம் என்னவோ மாதிரி இருந்தது. நடுவில் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்குது, ஓரம் கரடு. எத்தனை வருசம் தேய்ச்சா இரும்பு அப்படி வழுக்கும்? நல்ல கல். போகட்டும், அதை விடுங்க. அது வாங்கினது நான்தான், குறைஞ்ச விலைக்கு.

நேத்து வந்துடுச்சு தம்பி. காலையிலேயே பிசைஞ்சு எண்ணெயில் முக்கிட்டு, வீட்டைப் பூட்டிக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். வீட்டில் இருந்தா தொட்டுடுவேன்னு என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. மத்தியானம் வந்து கிள்ளி இழுத்தேன், நூல் மாதிரி வருது. பூரணம் உள்ளே, மாவு மேலே, இலையில் வெச்சு விரலால் தட்டினேன். எங்க ஆளுங்க துண்டுக்கு அடியில் விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவோம், பார்த்திருப்பீங்க. வாயே திறக்க மாட்டோம். எதிராளி விரல் லேசாத் தயங்கினாக்கூட எனக்குத் தெரியும். அதே மாதிரிதாங்க இதுவும். பூரணம் எங்கே தங்குது, எங்கே ஒதுங்குதுன்னு விரலுக்குத் தெரியுது. இலையோட கல்லில் கவுத்து மெதுவா இலையை உரிச்சா, அழகா உட்கார்ந்துக்கிச்சு. சுத்தி நெய் விட்டேன். பொன்னிறமாப் பூப்பூவா எழும்புது. நான் தனியா நின்னு சத்தமாச் சிரிச்சேன்.

எடுத்து ஒரு வாய் வெச்சேன். என்ன தெரிஞ்சது சொல்லுங்க?

ஓரம் தடிப்பு. பூரணம் ஒரு பக்கமா ஒதுங்கிக் கிடக்குது.

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. பழனாத்தா மேல தப்பே இல்லை. போளிங்கிற சாமானே அப்படித்தான்.

இன்னைக்குக் காலையில் போசி நிறைய அடுக்கிக்கிட்டுத் தாராபுரம் போனேன். மச்சான் ரங்கசாமி வாசலில் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். "வாங்க மாப்ளே. எதாச்சும் மாடு பார்க்க வந்தீங்களா?"ன்னார். குத்தறாராம். "ஆமாங்க மச்சான், இந்தப் பக்கம் ஒரு வேலை"ன்னேன். உள்ளே பழனாத்தா குரல் கேட்குது, அண்ணன் சம்சாரத்தோட எதோ பேசிச் சிரிக்கிறாள். என் குரல் கேட்டதும் சிரிப்பு நின்னுடுச்சு. காபி வந்தது. கொண்டுவந்தது அவள் இல்லை.

'இந்தா, இதென்ன பெரிய வித்தையா'ங்கற வசனத்தை வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போயிருந்தேன். ஒரு வழியா அவள் நிலைப்படியில் வந்து நின்னாள். என்ன வந்தது என் வாயில் தெரியுங்களா? "மாடு ரெண்டும் சரியாத் தீனி எடுக்கறதில்லை"ன்னேன்.

"டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டுங்க"ன்னாள்.

அவ்வளவுதான். போசியை அங்கிருந்த நாற்காலியில் வெச்சேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். எந்திரிச்சு நடந்துட்டேன். வேற என்ன எனக்குத் தெரியும்? வாசல் தாண்டறேன், கூப்பிடலை. தெருமுனை வந்தாச்சு, கூப்பிடலை. அங்கே ஒரு புளியமரம்கூட இருக்குது தம்பி. அதையும் தாண்டினேன். செருப்பில் கல் மாட்டின மாதிரி நின்னு நின்னு நடந்து பார்த்தேன். ஒரு நாய்தான் பின்னால் வந்தது, அதுவும் என் கையில் ஒட்டியிருந்த நெய் வாசத்துக்கு. பஸ் வந்தது. ஏறிட்டேன். சரி, முடிஞ்சதுன்னு உட்கார்ந்தேன். பஸ் நகர்ற நேரம் முன்படியில் ஒரு கை கம்பியைப் பிடிக்குது. பார்த்தா பச்சைச் சேலை. தோளில் பை, கையில் போசி. பின்னால் திரும்பிப் பார்க்காம உட்கார்ந்துட்டாள். இதுதான் நடந்தது.

இப்போ சொல்லுங்க. என் நடை வேலை செஞ்சுதா, இல்லை அவள் பாட்டுக்கு மகள் வீட்டுக்குப் போறாளா? மகள் வீட்டுக்குப் போறவள் போசியை எதுக்கு எடுத்துக்கிட்டு வரணும்? பேரப்பிள்ளைகளுக்கா? அப்படியும் இருக்கும். அதுக்குத்தான் கண்டக்டர்கிட்ட அத்தனை கெஞ்சினேன்.

கோமங்கலம் தாண்டியாச்சு. அடுத்தது நம்ம நிறுத்தம்தான்.

இருங்க, இருங்க. மூடியைத் திறக்கறாள். முழங்கை அசையுது பாருங்க. பிய்க்கறாள். வாயில் வெச்சுட்டாள் தம்பி. பக்கத்து சீட்டம்மாவுக்கும் ஒண்ணு குடுத்துட்டாள். அந்தம்மா தலையை ஆட்டுது. அது நல்லா இருக்குதுங்கற ஆட்டலா, பஸ் குலுங்குதா? ரோடு சரியில்லை, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. கண்டக்டரைக் கூப்பிட்டு என்னவோ சொல்றாள். அவனுக்கும் ஒண்ணு. வாயில் அடைச்சுக்கிட்டு நம்ம பக்கம்தான் வர்றான்.

என்னப்பா? என்ன சொன்னாங்க? முழுங்கிட்டுச் சொல்லு.

மஞ்சத்தூள் ஜாஸ்தியா. சரி. ஓரம் தடிப்பா. சரி. பூரணத்தில் ஏலக்காய்த் தோல் கிடக்குதா. இன்னும் இருக்குதா? கல் சூடு பத்தலையா. ஒண்ணு விடாம அப்படியேதான் சொன்னாங்களா? சொல்லிட்டு இன்னொண்ணு எடுத்தாங்களா?

கேட்டீங்களா தம்பி? குறை சொல்லிட்டாள். சுத்திச் சுத்தி வந்து குறை சொல்லியிருக்கிறாள். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செத்தேன். டீக்கடைக்குப் போறவங்க சொல்றது அது. கண்டக்டர் தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும், வீட்டுக்கு வர்றாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. டிக்கெட்டை அப்புறம் கிழிச்சுக்கலாம்.

வர்றான் பாருங்க. சிரிச்சுக்கிட்டே வர்றான், நல்ல சகுனம்தான்.

என்னது?

மறுபடி சொல்லு. நிச்சயத்தன்னைக்கு, சம்பந்தி சனம் எல்லாம் உட்கார்ந்திருக்கிற சபையில், அடுப்பை நடுவில் வெச்சு நான் போளி தட்டணுமா? அவங்க சொல்ற குறையை வாயைத் திறக்காமக் கேட்டுக்கணுமா? அப்படின்னா வர்றாளாமா?

இது என்ன விலைங்க தம்பி, அநியாய விலையா இருக்குது. சந்தை ஆளுங்க பாதிப் பேர் அன்னைக்கு வருவாங்க. ஆறுச்சாமி மடியில் துண்டைக் கட்டிக்கிட்டுப் போளி தட்டறான்னா அடுத்த வாரம் எவன் என்கிட்ட விலை பேசுவான்? இந்தாப்பா, போய்ச் சொல்லு, பொடக்காளியில் அடுப்பு வெச்சுக்கறேன். ஆள் பார்க்காம எத்தனை வேணும்னாலும் தட்டித் தர்றேன். குறையைக் கேட்டுக்கறேன், அது வேணும்னா ஒத்துக்கலாம். பாதிக்குப் பாதி. நியாயமாத்தானே சொல்றேன்?

சொல்லிட்டான். அவள் மூடியைப் போட்டு அழுத்தி மூடறாள். சன்னல் பக்கம் திரும்பிட்டாள்.

விசில் குடுத்துட்டாங்க. நம்ம பிரிவு வந்தாச்சு. நான் எந்திரிச்சாச்சு, அவள் எந்திரிக்கலை. பாருங்க, கம்பியைக்கூடப் பிடிக்கலை. பையைக் காலடியிலிருந்து எடுக்கலை. நான் எந்திரிச்சு நடக்கத்தான் படிச்சேன். இவள் உட்கார்ந்தே நடக்கிறாள்.

இறங்கறேன்ப்பா, இறங்கறேன், ஒரு நிமிசம். டிரைவர் அண்ணா, ஒரே நிமிசம் நிறுத்துங்க. தம்பி, கொஞ்சம் காதைப் பொத்திக்குங்க, நான் கத்தணும்.

பழனாத்தா! சபையிலேயே தட்டறேன். நீ சொன்ன விலைக்கே.

எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க. பார்க்கட்டும். சொன்ன விலைக்கே முடிச்சது இதுதான் முதல் தடவை, அவங்களும் பார்த்துக்கட்டும்.

எந்திரிச்சுட்டாள். பையை எடுத்துட்டாள். கண்டக்டர்கிட்ட டிக்கெட்டைக் காட்டறாள் பாருங்க, அவன் சிரிக்கிறான். "தாராபுரத்திலேயே உங்க பிரிவுக்குத்தான் வாங்கினாங்க"ங்கறான். அடப்பாவி, அதை முன்னாலேயே சொல்லியிருந்தா பொடக்காளியோட முடிச்சிருப்பேனே.

நான் வர்றேன் தம்பி. முன்படியில் இறங்கிட்டாள், இனி நின்னா விட்டுட்டு நடந்துடுவாள். அங்கே பாருங்க, வெயிலில் நிக்கறாள். அந்தப் பச்சை இவளுக்கு எடுக்கவே எடுக்காது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.